வெந்நீர் ஊருக்கு ஒரு பகல்

முதல்முறை லண்டன் போனபோது எல்லோரையும் போல நானும் அந்த பஸ்ஸில் ஏறியவன்தான். விண்ட்சர் கோட்டை, ஸ்டோன்ஹெஞ்ச், பாத் நகரம், மூன்றும் ஒரே நாளில். கைடு உண்டு, சாப்பாடு அவரவர் செலவு. காலை இருட்டில் ஏற்றிக்கொண்டவர்கள் இரவு இருட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். நடுவில் பாத் நகருக்கு என்று ஒதுக்கியது ஒன்றேகால் மணி நேரம். அதில் இருபது நிமிடம் கழிப்பறை வரிசையில் போயிற்று. மிச்ச நேரத்தில் நான் பார்த்தது ஒரு சர்ச்சின் வாசலையும் ஒரு ஃபட்ஜ் கடையையும். ரோமானியர் குளத்துக்கு டிக்கெட் வாங்க நின்றவர்கள் பாதி வரிசையிலேயே திரும்பி ஓடிவந்தார்கள். பஸ் கிளம்பிவிடுமே!

ஹாரோவில் இருக்கும் சித்தியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "நான் இங்க வந்து இருபது வருஷம் ஆச்சு, அந்த ஊர்ப் பக்கமே போனதில்லைடா" என்றார். "வெந்நீர் ஊத்துன்னா முட்டி வலிக்கு நல்லதாமே, நிஜமா?"

அடுத்த முறை போனபோது சித்தியின் முட்டியை முன்னிட்டே திட்டம் போட்டோம். நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு நாள், ஒரே ஊர்.

பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிற அப்பா அம்மாக்கள் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுக்கு என் முதல் யோசனை, பஸ் வேண்டாம், ரயிலில் போங்கள். பேடிங்டன் ஸ்டேஷனிலிருந்து பாத் ஸ்பா வரை சுமார் 170 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் டிக்கெட் விஷயத்தில் பிரிட்டன் ரயில்வே நம்மூர் மாதிரி இல்லை. அன்றைக்கே போய் காலை நெரிசல் நேரத்துக்கு ரிட்டர்ன் கேட்டால் 100 பவுண்டுக்கு மேல் சொல்வார்கள். மயக்கம் வரும். அதே இருக்கையைச் சில வாரங்களுக்கு முன்பே 'அட்வான்ஸ்' டிக்கெட்டாக வாங்கினால் விலை பாதிக்கும் கீழே இறங்கும். ஒரே நிபந்தனை, எந்த ரயிலுக்கு வாங்கினீர்களோ அதில்தான் ஏற வேண்டும். 60 வயது தாண்டியவர்கள் சீனியர் ரயில்கார்டு எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி.

இன்னொரு உபாயம் லண்டன்வாசிகள் ரகசியம் போலச் சொல்வது. பேடிங்டனிலிருந்து டிட்காட் வரை ஒன்று, டிட்காட்டிலிருந்து பாத் வரை ஒன்று என்று இரண்டு டிக்கெட்டாக வாங்கினால் பல சமயம் ஒரே டிக்கெட்டை விட மலிவாக வரும். நீங்கள் டிட்காட்டில் இறங்க வேண்டாம். ரயில் அங்கே நின்றால் போதும். முழுக்கச் சட்டப்படியானது. ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். அந்த நாட்டின் ரயில் கட்டணத்துக்கு அர்த்தம் சொல்ல ஒரு பாஷ்யக்காரர்தான் வர வேண்டும்.

ஞாயிறு வேண்டாம். தண்டவாளப் பராமரிப்பு என்று ரயிலை நிறுத்திவிட்டு மாற்று பஸ் விடுவது பெரும்பாலும் அந்தக் கிழமையில்தான். நவம்பர் கடைசியில் தொடங்கும் கிறிஸ்துமஸ் சந்தை நாட்களும் வேண்டாம். ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. காரில் போகிறேன் என்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. அவர்கள் பார்க்கிங் தேடுவதை அந்த ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்.

ரயில் பாதையே ஒரு காட்சிப் பொருள். இசம்பார்ட் கிங்டம் புரூனல் என்ற பொறியாளர் போட்ட தடம் இது. 1841-ல் பிரிஸ்டல் வரை முழுதாகத் திறந்தது. எழுதுவது 'ரீடிங்', சொல்வது 'ரெடிங்' என்ற ஊர் தாண்டி, ஸ்விண்டன் தாண்டி, சிப்பனம் தாண்டினால் ரயில் சட்டென்று இருட்டுக்குள் நுழைகிறது. அது பாக்ஸ் சுரங்கம். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். வெளியே வந்ததும் பள்ளத்தாக்கும், மலைச்சரிவில் அடுக்கடுக்காகத் தேன் நிற வீடுகளும் தெரியத் தொடங்கும். வீடுகளுக்கு யாரும் வர்ணம் பூசவில்லை. சுற்றுவட்டாரத்தில் வெட்டும் சுண்ணாம்புக் கல்லின் நிறமே அது. சுரங்கம் குடைந்ததும் அதே கல்லைத்தான்.

ஸ்டேஷனிலிருந்து ரோமானியர் குளத்துக்குப் பத்து நிமிட நடை. காலையில் கதவு திறக்கும்போதே நிற்பது நல்லது. நான் வந்த மாதிரி பஸ்கள் வந்து சேருவதற்குள் உள்ளே போய்விட வேண்டும். டிக்கெட் 20 பவுண்டுக்கு மேல். கிழமையைப் பொறுத்து ஏறும், இறங்கும். இணையத்தில் முன்கூட்டி வாங்குவதே லாபம்.

உள்ளே போனதும் ஒரு மாடத்திலிருந்து கீழே பச்சை நிறக் குளம் தெரியும். எல்லோரும் செல்போனை எடுப்பது இங்கேதான். சுற்றிலும் நிற்கும் ரோமானியச் சிலைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவை 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வைத்தவை. தூண்களிலும் அடிப்பகுதிக்கு மேலே இருப்பதெல்லாம் அந்தக் காலத்து வேலைதான். தண்ணீரின் பச்சையும் ரோமானியர் பார்க்காதது. அவர்கள் காலத்தில் குளத்துக்கு மேலே கூரை இருந்தது. கூரை போய் வெயில் பட்ட பிறகுதான் பாசி வந்தது.

அசல் வேண்டும் என்றால் படியிறங்க வேண்டும். இன்றைய தெருவுக்குச் சில மீட்டர் கீழே ரோமானியர் காலத்துத் தரை இருக்கிறது. குளத்தின் அடியில் அவர்கள் பதித்த 45 ஈயத் தகடுகள் இன்றும் தண்ணீரைத் தாங்குகின்றன. ஆழம் 1.6 மீட்டர். சித்தி குளத்தை விட்டுவிட்டு ஒரு மூலையில் நின்றார். அங்கே ஊற்றின் உபரி நீர் ஒரு வளைவுக்கு அடியில் குபுகுபுவென்று கொட்டுகிறது. இரும்புச் சத்து படிந்து படிந்து கல்லெல்லாம் செங்காவி. நவம்பர் குளிரில் ஆவி எழுந்து கண்ணாடியை மூடியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நிறுத்தவே மாட்டாங்களா இதை?" என்று கேட்டார்.

நிறுத்த முடியாது. ஒரு நாளைக்கு சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர், 46 டிகிரி செல்சியஸ் சூட்டில், இரவு பகலாக வருகிறது. மழைதான் மூலம். தெற்கே மெண்டிப் குன்றுகளில் பெய்த மழை சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கி, இரண்டரை கிலோமீட்டருக்கும் கீழே போய், பூமியின் சூட்டில் காய்ந்து, இந்த ஊருக்கு அடியில் இருக்கும் பிளவு வழியாக அழுத்தத்தோடு மேலே ஏறுகிறது. எரிமலை கிடையாது, கந்தக நாற்றமும் கிடையாது. இன்றைக்கு வெளியே வரும் சொட்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை.

ரோமானியர் வருவதற்கு முன்பே இந்த ஊற்றுக்கு ஒரு தெய்வம் இருந்தது. பெயர் சுலிஸ். வந்தவர்கள் அவளை விரட்டவில்லை; தங்கள் மினர்வாவின் பெயரை அவள் பெயரோடு சேர்த்து 'சுலிஸ் மினர்வா' என்று கும்பிட்டார்கள். ஊர் அம்மனுக்குப் பெரிய தெய்வத்தின் பெயரைச் சூட்டி கோபுரம் எழுப்புவது நமக்குப் புதிதா என்ன? ஊற்றில் போட்ட காணிக்கைக் காசுகள் மட்டும் 12,000-க்கு மேல் கிடைத்திருக்கின்றன.

மியூசியத்தில் நான் அதிக நேரம் நின்றது காசுகளுக்கு முன்னால் அல்ல. சாபத் தகடுகளுக்கு முன்னால். உள்ளங்கை அளவு ஈயத் தகட்டில் கீறி எழுதி, சுருட்டி, ஊற்றுக்குள் எறிந்த முறையீடுகள். சுமார் 130 கிடைத்திருக்கின்றன. முக்கால்வாசியும் திருட்டு வழக்குகள். குளிக்கும் இடத்தில் துணி களவு போவது அன்றைக்கும் இருந்த தொல்லை போலிருக்கிறது. டோசிமெடிஸ் என்ற ஒருவர் தன் கையுறைகள் இரண்டும் காணாமல் போனதற்கு, எடுத்தவனின் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று அம்மனிடம் மனு போட்டிருக்கிறார். ஒரு ஜோடி கையுறைக்குக் கண் இரண்டும் கொஞ்சம் அதிகம்தான். அதைச் சித்திக்குச் சொன்னேன். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் திருடனுக்காக மிளகாய் அரைத்துப் பூசுவதைப் பார்த்தவர் அவர். "சரியாத்தான் கேட்டிருக்கான்" என்றார்.

வெளியே வரும் வழியில் ஊற்று நீரைக் குடித்துப் பார்க்கக் குழாய் வைத்திருக்கிறார்கள். சுத்திகரித்தது; குளத்து நீரைத் தொடவே கூடாது என்று பலகை போட்டிருக்கிறது. 43 தாதுக்கள் உண்டாம். சித்தி ஒரு மடக்கு குடித்து, முகத்தைச் சுளித்து, "துருப்பிடிச்ச கெட்டில்ல தண்ணி காய்ச்சின மாதிரி இருக்கு" என்றார். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. 18-ம் நூற்றாண்டில் சீமான்களும் சீமாட்டிகளும் இதை டாக்டர் சொன்னார் என்று டம்ளர் டம்ளராகக் குடித்தார்கள். பக்கத்திலேயே இருக்கும் பம்ப் ரூம் அதற்காகக் கட்டியது, 1795-ல் முடிந்தது. இப்போது டீ, கேக், பியானோ. விலை அந்தச் சரவிளக்குக்குத் தகுந்த மாதிரி.

நாங்கள் அங்கே உட்காரவில்லை. இரண்டு தெரு தள்ளி, சாலி லன் வீட்டில் பன் சாப்பிட்டோம். நம் டீக்கடை பன்னுக்குப் பெரியப்பா சைஸ். மேல் பாதிக்கு இனிப்பு, கீழ்ப் பாதிக்கு உப்பு அயிட்டங்கள் என்று பிரித்துத் தருகிறார்கள். வெண்ணெய் போட்ட மேல் பாதியே போதும்.

இதற்குப் பிறகுதான் ஏற்றம். கே ஸ்ட்ரீட் என்ற தெரு வழியாக மேலே போக வேண்டும். முட்டி வலிக்காரர்கள் டாக்ஸி பிடிக்கலாம், கௌரவக் குறைச்சல் இல்லை. பாதித் தெருவில் ஜேன் ஆஸ்டின் பெயரில் ஒரு கண்காட்சி உண்டு. அவர் 1801 முதல் 1806 வரை இந்த ஊரில் வாழ்ந்தார், இரண்டு நாவல்களில் ஊரைக் கொண்டுவந்தார். ஆனால் ஊர் அவருக்கு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. இன்றைக்கு அவர் முகம் இல்லாத பீங்கான் கோப்பை கிடையாது. கண்காட்சியை ஆஸ்டின் ரசிகர்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் மேலே நடந்தோம்.

தெரு போய் முட்டுகிற இடம் 'சர்க்கஸ்'. யானையும் சிங்கமும் இல்லை. லத்தீனில் வட்டம் என்று பொருள். மூன்று வளைவுகளாக வீடுகள், நடுவில் பெரிய மரங்கள். ஜான் வுட் என்ற கட்டடக் கலைஞர் 1754-ல் தொடங்கி, சில மாதங்களில் காலமாகிவிட, அதே பெயர் கொண்ட மகன் 1768-ல் முடித்தார். அப்பா ஸ்டோன்ஹெஞ்ச் கற்களை அடி அடியாக அளந்து ஆராய்ந்தவர். அந்த வட்டத்தின் அளவைத்தான் இங்கே கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். இதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்த பஸ்ஸில் வந்த நாங்கள் ஸ்டோன்ஹெஞ்சை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, அதன் நிழலில் பிறந்த இந்த வட்டத்துக்குப் பத்து நிமிடத் தொலைவில் ஃபட்ஜ் கடையில் நின்றுகொண்டிருந்தோம்.

மேல் விளிம்பைக் கவனியுங்கள். வரிசையாகக் கல்லில் செதுக்கிய ஓக் கொட்டைகள். ஊர்க் கதைப்படி, ப்ளாடட் என்ற இளவரசன் தொழுநோயால் அரண்மனையை விட்டு நீங்கி பன்றி மேய்த்தான். பன்றிகளுக்கும் அதே நோய் தொற்றியது. இங்கே சூடான சேற்றில் புரண்ட பன்றிகள் குணமானதைக் கண்டு தானும் இறங்கிக் குணமாகி, ஊரை உண்டாக்கினானாம். ஓக் கொட்டை அந்தப் பன்றிகளின் தீனி. சீமான்களின் மாளிகைக்கு முடியாக நிற்கிறது.

14-ம் எண் வீட்டுச் சுவரில் ஒரு பெயர்ப் பலகை. ராபர்ட் கிளைவ். சித்தி நின்றுவிட்டார். அவர் பிறந்தது ஆற்காடு. "எங்க ஊர் டெல்லி கேட் மேல ரூம் காட்டுவாங்களே, அந்த ஆளா?"

அதே ஆள்தான். மதராசுக்கு 1744-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக வந்து, 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்துப் பெயர் வாங்கி, வங்காளத்தில் பெரும் பணம் சேர்த்தவர். உடம்பு சரியில்லாதபோது தண்ணீர் குடிக்க வந்த ஊர் இது. சித்தி பலகையையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா பெரிய வீடுதான்" என்றார். நம்மூர்ப் பணம் மட்டுமல்ல, கரீபியன் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்த பணமும் இந்தத் தேன் நிறக் கல்லாக நிற்கிறது. மேலே லான்ஸ்டவுன் குன்றில் தனக்கென்று ஒரு கோபுரமே கட்டிக்கொண்ட வில்லியம் பெக்ஃபோர்டின் சொத்து ஜமைக்காவில் விளைந்தது.

அங்கிருந்து இரண்டு நிமிடத்தில் ராயல் கிரசென்ட். பிறை வடிவில் 30 வீடுகள், 114 தூண்கள். 1767-ல் தொடங்கி ஏழெட்டு வருடம் கட்டினார் மகன் வுட். வெப் சீரிஸ் பார்க்கிறவர்களுக்கு 1-ம் எண் வீடு 'பிரிட்ஜெர்டன்' தொடரில் வரும் வீடாகத் தெரியும். எனக்குப் பிடித்தது முகப்பு அல்ல, முதுகு. வுட் முகப்பை மட்டும்தான் தீர்மானித்தார். அதை அளந்து வாங்கியவர்கள் பின்னால் அவரவர் இஷ்டப்படி கட்டிக்கொண்டார்கள். பின் சந்தில் போய்ப் பார்த்தால் ஒரு வீடு துருத்திக்கொண்டிருக்கும், ஒன்று உள்ளே போயிருக்கும், உயரம் ஒன்றுக்கொன்று சேராது. முன்பக்கம் கல்யாண ஆல்பம், பின்பக்கம் கல்யாண வீட்டுச் சமையல்கட்டு. 22-ம் எண் வீட்டின் மஞ்சள் கதவையும் தேடிப் பாருங்கள். மற்ற கதவெல்லாம் வெள்ளை. 1970-களில் வீட்டுக்காரம்மா மஞ்சள் அடித்துவிட, நகராட்சி வெள்ளைக்கு மாற்றச் சொல்ல, வழக்கு அமைச்சர் வரை போய் மஞ்சள் ஜெயித்தது.

இறங்கும்போது ஏவன் ஆற்றின் மேலே இருபுறமும் கடைகளோடு நிற்கும் புல்ட்னி பாலத்தைப் பார்க்கலாம். பாலத்தின் மேலே நடந்தால் பாலம் என்றே தெரியாது, கடைத்தெரு என்றே நினைப்பீர்கள். கீழே கரைக்குப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இனி முட்டி விஷயம். இந்த ஊரில் ஒரு விசித்திரம் நடந்தது. 1978-ல் ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி மூளைக்காய்ச்சலில் இறந்தாள். காரணம், கேரளச் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறதே, அந்த 'மூளையைத் தின்னும் அமீபா'. பொதுக் குளியலை மூடிவிட்டார்கள். பிறகு சுத்தமான நீருக்குப் புதிதாக ஆழ்துளை போட்டு, புதுக் குளியல் கூடம் கட்டத் தொடங்கினார்கள். 2003-ல் மூன்று பெரிய ஓபரா பாடகர்களை அழைத்துத் திறப்பு விழாக் கச்சேரியே வைத்துவிட்டார்கள். கூடம் திறக்கவில்லை, பெயின்ட் உரிந்துகொண்டிருந்தது. கடைசியில் தெர்மே பாத் ஸ்பா திறந்தது 2006-ல். குளியல் என்ற பெயரையே சுமக்கும் ஊரில் 28 வருடம் யாரும் ஊற்று நீரில் குளிக்கவில்லை! மேம்பாலம் கட்டுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஒரு ஆறுதல்.

இரண்டு மணி நேரம், துண்டு அங்கி செருப்பு உள்பட 40 பவுண்டை ஒட்டி வரும். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. சித்தி வாசல் வரை வந்து படங்களைப் பார்த்தார். நீச்சல் உடை, ஆணும் பெண்ணும் ஒரே குளம். "நீ வேணா போ. நான் மாட்டேம்பா" என்று திரும்பிவிட்டார். எனக்கும் தனியாகப் போக மனம் வரவில்லை. இன்னொரு நாள் போனேன். மொட்டை மாடிக் குளத்தில் கழுத்தளவு வெந்நீர், தலையில் தூறல், எதிரே விளக்கேற்றிய சர்ச் கோபுரம். அந்தி நேரத்துக்கு டிக்கெட் வாங்குங்கள். அதற்கு மேல் வர்ணிக்க மாட்டேன்.

நவம்பரில் நாலேகாலுக்கே சூரியன் போய்விடுகிறது. ரயிலுக்கு முன்னால் மிச்சம் இருந்தது அபே, நான் முதல்முறை வாசலை மட்டும் பார்த்த அதே சர்ச். முகப்பில் கல் ஏணிகளில் தேவதைகள் ஏறுகிறார்கள். இறங்குகிறவர்கள் தலைகீழாக இறங்குகிறார்கள். ஒரு பிஷப் கண்ட கனவாம். 1499-ல் கட்டத் தொடங்கினார்கள். உள்ளே சுவர் முழுக்க, தரை முழுக்க நினைவுக் கற்கள், கம்பெனி உத்தியோகஸ்தர்கள் உட்பட. குணமானவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ஆகாதவர்கள் இங்கே தங்கிவிட்டார்கள்.

வாசலிலேயே சித்தி ஷூவைக் கழற்றினார். "இங்க கழற்ற வேண்டாம் சித்தி" என்றேன்.

"கோயில்தானேடா."

சாக்ஸோடு இரண்டடி வைத்தவர் நின்றார். குனிந்து தரையைத் தொட்டார். "இங்க வா. தொட்டுப் பாரேன், வெதுவெதுன்னு இருக்கு."

தரை உள்வாங்கியதைச் சரிசெய்தபோது செய்த வேலை அது. குளத்தின் உபரி நீர் ரோமானியர் கட்டிய வடிகால் வழியாகவே இன்றும் ஆற்றுக்குப் போகிறது. வீணாகப் போகும் அந்தச் சூட்டை வடிகாலுக்குள்ளேயே பிடித்து, ஹீட் பம்ப் வழியாகக் கல் தரைக்கு அடியில் ஓடும் குழாய்களுக்கு ஏற்றுகிறார்கள். காலையில் செங்காவிக் கல்லில் கொட்டியதே, அதே தண்ணீரின் சூடு.

ஓரமாக நின்ற பணியாளர் அம்மாள் சித்தியின் பாதங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் புன்னகைத்தார். ரயிலுக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. நான் கடிகாரத்தைக் காட்டினேன். சித்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு பாதங்களையும் யாரோ ஒரு கர்னலின் பெயர் மேல் அழுத்தி வைத்து உட்கார்ந்துகொண்டார்.